சீட்டில் இல்லாத ஆள்

என் மனைவியைக் கொன்றவன் அந்த நேரத்தில் அங்கே இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். உடம்பு இருந்தது. சீட்டில் உட்கார்ந்திருந்தது. கை லீவர்மேல் இருந்தது. நானே என் கண்ணால் பார்த்தேன். ஆனால் ஆள் இல்லையாம். வலிப்பு வந்து நினைவு தப்பிய நேரத்தில் கை கால் செய்வதற்கெல்லாம் மனுஷன் பொறுப்பில்லையாம். சரி, மனுஷன் பொறுப்பில்லை. அப்படியானால் செவ்வந்தியைக் கொன்றது யார்? அறுப்பு மெஷினா? அதைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இரண்டு மாதம் நிறுத்தி வைத்திருந்தார்கள். பிறகு அதுவும் சம்பா அறுப்புக்குப் போய்விட்டது.

என் பெயர் தங்கையன். மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் எங்கள் ஊர். என் அப்பா பண்ணையில் ஆளாக இருந்தவர். நான் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், நிலம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவன். என் ஒரே மகள் சுடர்விழி மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். மூன்று தலைமுறையில் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் பார் என்று செவ்வந்தி அடிக்கடி சொல்வாள். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. யார்மேலாவது எரிந்து விழுந்தால்தான் எனக்குச் சோறு செரிக்கும் என்று அவள் கேலி செய்வாள். அது உண்மைதான். அவள் போன பிறகு எரிந்து விழ ஒரு ஆள் கேட்டேன். அந்த ஆள் அங்கே இல்லை என்று சீட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அறுப்பு மெஷின் ஓட்டிய துரைராசுவுக்கு வலிப்பு உண்டு என்பது எனக்கு முன்பே தெரியும்.

செவ்வந்தி போவதற்கு முந்தைய தை மாதம் அது தெரிந்தது. என் வயலில் சம்பா அறுத்து முடித்துவிட்டு, டிரெய்லர் வருகிறவரைக்கும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். நானும் அவனும் மட்டும். அவன் பக்கத்து ஊர்க்காரன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். பேசிக்கொண்டிருந்தவன் பாதிப் பேச்சில் நின்றான். முகம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. டம்ளர் விழுந்தது, அப்புறம் அவனும் விழுந்தான். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை தள்ளியது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். என் பைக் சாவிக்கொத்தை அவன் கைக்குள் திணித்து விரல்களை மூடி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கையில் இரும்பு இருந்தால் வலிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. இரண்டு நிமிடத்தில் அது தானாகவே நிற்கும், சாவிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சுடர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். எப்படியோ நின்றது. நான் ஏதோ நிறுத்திவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

கண்ணைத் திறந்ததும், "என்னண்ணே, தூங்கிட்டனா?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"மொதலாளிக்குத் தெரிஞ்சா சீட்ட விட்டு எறக்கிடுவாருண்ணே. ரெண்டு புள்ளைங்க இருக்கு. வெளியூர்ல ஒரு டாக்டரு மாத்திர எழுதிக் குடுத்திருக்காரு, சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மெஷின்மேல இருக்கறப்ப ஒருநாளும் வந்ததில்ல. லீவர் பூரா இரும்புதானண்ணே. நாளெல்லாம் இரும்பத்தான புடிச்சுக்கிட்டிருக்கேன். சீட்ல வராது."

அவன் சொன்னதை நம்பினேனா? நம்புவதற்கு வசதியாக இருந்தது. இரும்பைப் பிடித்திருக்கிறவனுக்கு வலிப்பு எப்படி வரும் என்று எனக்கும் தோன்றியது. "யாருகிட்டயும் சொல்ல மாட்டண்டா, போ" என்றேன். நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். செவ்வந்தியிடம்கூடச் சொல்லவில்லை. ஆண்பிள்ளை கொடுத்த வாக்கு, காப்பாற்ற வேண்டாமா!

அந்த வருஷம் ஐப்பசியில் குறுவை முற்றி நின்றபோது, மழை வருகிறது மழை வருகிறது என்று டிவியில் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி ஆறு ஊருக்கு இரண்டே மெஷின். பயிர் சாய்ந்துவிட்டால் நெல் முளைத்துவிடும். மெஷின் முதலாளி வைத்தியலிங்கம் வீட்டில் வரிசையாகப் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். என் பெயர் அடியில் எங்கோ இருந்தது. துரைராசு மறுநாள் காலையிலேயே மெஷினை என் வயலில் கொண்டுவந்து இறக்கினான். "ஒங்களுக்கு இல்லாததாண்ணே" என்றான். நாலு பேர் முணுமுணுத்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரப்பில் நின்றேன். வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் கிடைத்த கூலி அது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்குத் தோன்றுகிறது.

சக்கரத்துக்குப் பதில் செயினில் ஓடுகிற அறுப்பு மெஷின் வயல் மூலைக்குள் நுழைந்து திரும்ப முடியாது. அதனால் நாலு மூலையிலும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு யாராவது முன்கூட்டியே கையால் அறுத்து இடம் ஒழித்துவைக்க வேண்டும். அறுத்த கதிரை அள்ளி நிற்கிற பயிர்மேல் போட்டுவிட்டால் மெஷின் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். சின்ன வேலைதான். எங்கள் வயலில் அது எப்போதும் செவ்வந்தியின் வேலை. மெஷின் வருகிறதா என்று அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். நாலைந்து எட்டு தூரம் தள்ளியே அது திரும்பிவிடும். எத்தனையோ வருஷமாகத் திரும்பியிருக்கிறது.

அன்றைக்கு மூன்று மூலை முடித்துவிட்டு நாலாவதில் குனிந்திருந்தாள். நான் எதிர்வரப்பில் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தேன். மெஷின் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். துரைராசுவின் முகம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் பக்கத்து வயலைப் பார்க்கிறான் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அந்தச் சாய்வு தெரியும். பார்த்த கணமே தெரிந்துவிட்டது.

கத்தினேன். "துரைராசு! டேய் துரைராசு! துரைராசு!" என்று கத்தினேன். செவ்வந்தியைக் கூப்பிடவில்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் நிமிர்ந்திருப்பாள், ஒரே எட்டில் வரப்புமேல் ஏறியிருப்பாள். மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். முப்பது வருஷம் என் கத்தலைக் கேட்டுப் பழகியவள், கேட்டிருப்பாள். கேட்க முடியாத ஒருவனை மூன்று தடவை கூப்பிட்டேன். கேட்கக் கூடியவளை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அந்த மூன்று கத்தலையும் நான் யோசித்துக் கத்தவில்லை. யோசிக்காமல் கத்தியதற்கு நான் பொறுப்பில்லை என்று எனக்கு எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை.

மெஷின் வரப்பை ஏறித் தாண்டி வாய்க்காலில் இறங்கி நின்றது. நடந்ததை இதற்குமேல் சொல்ல மாட்டேன். சீட்டிலிருந்து துரைராசுவை இறக்கிக் கரையில் போட்டபோது கண்ணைத் திறந்து, "என்னண்ணே, தூங்கிட்டனா?" என்றான்.

கேஸ் போட்டார்கள். துரைராசுவைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துத் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வலிப்புதான் என்று தெரிந்தது. முதல் தடவையாக வந்திருக்கிறது என்று அவன் பக்கத்தில் சொன்னார்கள். முதல் தடவையா! ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தெரிந்தே சீட்டில் ஏறினான் என்று ஆகிவிடும், உள்ளே போய்விடுவான். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் அடுத்த கேள்வி எனக்குத்தான். தெரிந்தே அவன் மெஷினுக்கு முன்னால் பெண்டாட்டியைக் குனிய விட்டாயா?

ஒருநாள் சாயங்காலம் சுடர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போலத் துரைராசுவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"அவரத் திட்டி என்னப்பா ஆவப்போவுது?" என்றாள். "அந்த ரெண்டு நிமிஷம் அவருன்னு ஒருத்தரே இல்லப்பா. மரம் முறிஞ்சு விழுந்தா மரத்துமேல கேஸ் போடுவமா?"

"மரம் கூலி பேசிட்டு சீட்ல ஏறி ஒக்காராது."

அம்மா போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு பேனாவை மூடி வைத்தாள்.

"நல்லா இருக்கறப்பவே நாம நெனச்சுத்தான் எதயும் செய்யறமான்னு சிலபேர் கேக்கறாங்கப்பா. கையத் தூக்கணும்னு நாம நெனக்கறதுக்கு முன்னாடியே மூளைல அதுக்கான வேல ஆரம்பிச்சிடுதாம். நாந்தான் நெனச்சேன்னு நாம அப்புறமா சொல்லிக்கறமாம்."

"அப்ப யாரத்தாம்மா கேக்கறது? எல்லாரும் மரமா?"

"தெரிஞ்சே செஞ்சவங்கள கேக்கலாம்" என்றாள். "அவருக்கு முன்னாடியே வலிப்பு இருந்து, தெரிஞ்சே மெஷின்ல ஏறியிருந்தாருன்னா நான் அவர உசுரு உள்ளவரைக்கும் மன்னிக்க மாட்டேன். தெரிஞ்சே ஏத்திவிட்டவங்க யாரா இருந்தாலும் அவங்க மொகத்துல முழிக்க மாட்டேம்பா."

அவள் திரும்பவும் பேனாவைத் திறந்து திருத்த ஆரம்பித்தாள். அம்மா இல்லாத வீட்டுக்கு வாரம் தவறாமல் வந்து, எனக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போகிற பிள்ளை அவள். எனக்கு என்று மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். அவளும் போய்விட்டால் நான் எதற்கு?

சாட்சிக்குக் கூப்பிட்ட அன்றைக்குக் காலையில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். சொல்லிவிடுவது. துரைராசு உள்ளே போகட்டும், நான் என் மகள் முன்னால் அவமானப்படுகிறேன். செவ்வந்திக்கு அதையாவது செய்யலாம். பஸ்ஸில் சுடர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வயலெல்லாம் நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது. மனது இலேசாகக்கூட இருந்தது. என்ன சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூட மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் பெயர், ஊர் எல்லாம் கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இந்த சம்பவத்துக்கு முன்னாடி இவருக்கு எப்பவாவது வலிப்பு வந்து நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

என் குரல்தான். என் வாயிலிருந்துதான் வந்தது. நான் சொல்ல வந்தது அது இல்லை. சத்தியமாக அது இல்லை. பஸ்ஸில் ஓட்டிப் பார்த்த வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவற்றைத் தள்ளிவிட்டு இது முன்னால் குதித்துவிட்டது. நான் திகைத்துப்போய் நின்றேன். நினைப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடும் என்று சுடர் சொன்னாளே, அது இதுதானா?

அதற்குள் துரைராசுவின் வக்கீல் எழுந்துவிட்டார். இப்படி ஒரு பதில் இலவசமாகக் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. இன்னும் கெட்டியாக்கப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி நீங்க பாத்ததே இல்ல, அப்படித்தான? அவசரமில்ல. நல்லா யோசிச்சு சொல்லுங்க."

யோசித்தேன். அவர் சொன்னபடியே நல்லா யோசித்தேன். கோர்ட் அமைதியாக இருந்தது. மூன்றாவது பெஞ்சில் சுடர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே துரைராசு நின்றான். அவனும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. காப்பாற்று என்று கெஞ்சுகிறான் என்று நினைத்தேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. எனக்கு வலிப்பு வரவில்லை. என் கை மரச்சட்டத்தைப் பிடித்திருப்பது எனக்குத் தெரிந்தது. எது உண்மை, எது பொய், எதைச் சொன்னால் என்ன நடக்கும் எல்லாம் தெரிந்தது.

"இல்லைங்கய்யா. பாத்ததில்ல" என்றேன்.

முதலாவதை வாய் சொல்லிவிட்டது என்று வேண்டுமானால் யாரிடமாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டாவதைச் சொன்னது நான். முழுசாக நான்.

அடுத்த மாதம் தீர்ப்பு. துரைராசு விடுதலை. கோர்ட் வாசலில் எல்லாரும் என்னைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். செத்தது என் மனைவி. நான் பொய் சொல்லியாவது அவனை மாட்டிவிட்டிருக்கலாம், ஆனால் மனசாட்சிக்குப் பயந்து உள்ளதைச் சொன்னேன் என்று பேசிக்கொண்டார்கள். வைத்தியலிங்கம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒங்கள மாதிரி மனுஷன் இந்தக் காலத்துல யாருங்க இருக்கா?" என்றார். அவர் பெரிய குடும்பத்துக்காரர். அவர் வீட்டுக் களத்தில் என் அப்பா கைகட்டி நின்றிருக்கிறார். அவர் என்னை வாங்க போங்க என்று பேசியது அன்றைக்குத்தான். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கூட்டம் கலைந்த பிறகு சுடர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீ வாங்கப் போனாள். அவள் போகட்டும் என்று காத்திருந்த மாதிரி துரைராசு என்னிடம் வந்தான். இரண்டு வருஷத்தில் பாதி ஆளாகியிருந்தான்.

"ஏண்ணே சொல்லல?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்திருந்தேன்.

"நீங்க சொல்லிடுவீங்கன்னுதான்ணே நான் வாயத் தொறக்காம இருந்தேன். மாத்திர சாப்பிட்டா தூக்கம் தூக்கமா வருதுன்னு அறுப்பு சீசன்ல நான் நிறுத்திட்டேன். அன்னைக்கி வயல்ல நடந்தது ஒண்ணும் எனக்கு நெனவில்ல. ஆனா மாத்திரய நிறுத்துனது நல்லா நெனவிருக்கு. அத வலிப்புல நிறுத்தலண்ணே. கையில எடுத்து, பாத்து, வேணாம்னு திரும்ப டப்பாவுல போட்டேன்."

"அப்ப ஒனக்கு வாயில்லையாடா? நீயே சொல்லியிருக்கலாம்ல?"

"முடியலண்ணே. சொல்லாதன்னு பொண்டாட்டி கால்ல விழுந்தா. புள்ளைங்க மூஞ்சியப் பாத்தேன். எனக்குத் தைரியம் இல்ல. தங்கையண்ணன் சொல்லிடுவாரு, அவருக்கு எம்மேல இருக்கற கோவத்துக்கு நிச்சயமா சொல்லிடுவாருன்னு அதயே நம்பிக்கிட்டு இருந்தேன். உள்ள போயிட்டு வந்தா, சரி, செஞ்சதுக்குப் பட்டாச்சுன்னு எங்கயாவது நிம்மதியா ஒக்காந்திருப்பேன். கூண்டுல நின்னு ஒங்களயே பாத்துக்கிட்டிருந்தேன், சொல்லுங்கண்ணே சொல்லுங்கண்ணேன்னு."

அந்தக் கண்ணில் இருந்தது அதுவா? அதைத்தான் நான் தப்பாகப் படித்தேனா? இரண்டு பேருமே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறோம்.

"எனக்காகத்தான விட்டுட்டீங்க?" என்றான். "எம் புள்ளைங்களுக்காகத்தான? அதயாவது சொல்லிட்டுப் போங்கண்ணே."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் சுடர் இரண்டு டம்ளரோடு கடையிலிருந்து இறங்கினாள். ஒரு லாரி போவதற்காக நின்றாள். இல்லைடா, எனக்காகத்தான் என்று சொல்ல அந்த லாரி போகிற நேரம் போதும். நாம் இரண்டு பேரும் ஒரே குற்றத்தைச் செய்தவர்கள், வா, சேர்ந்து போய் அவளிடம் சொல்லலாம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். லாரி போய்விட்டது. அவள் ரோட்டில் இறங்கினாள்.

"ஆமாண்டா" என்றேன். "ஒனக்காகத்தான். இத இனிமே யாருகிட்டயும் பேசாத."

அவன் அப்படியே மடிந்து என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். சுடர் வந்தாள். டம்ளர்களைச் சுவர்மேல் வைத்துவிட்டு அவன் தோளைத் தொட்டுத் தூக்கினாள்.

"எந்திரிங்க. அழாதீங்க. நீங்க வேணும்னு செய்யல. எங்கப்பாவே சொல்லிட்டாரு."

அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாய் எடுத்து, மூடிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். கோபித்துத் திட்ட இனி எனக்கு அவனும் இல்லை.

சுடர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விடவில்லை. "எனக்கே அவருமேல அவ்வளவு கோவம் இருந்துச்சுப்பா, வெளில காட்டிக்கல. நீங்க அன்னைக்கி யோசிச்சு, நிதானமா உண்மயச் சொன்னீங்க பாருங்க, அதுலதான் எனக்கு எல்லாம் எறங்குச்சு. இனிமே நீங்க ஊர்ல தனியா இருக்க வேணாம். எங்கூட வந்துடுங்க" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.

எங்கள் ஊர் பஸ் வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், நடுவில் நிறுத்தி நிறுத்தி என் முகத்தையும் பார்த்துக்கொண்டாள். அத்தனை நேரமும் அவள் கை என் கையில்தான் இருந்தது, நான் எதுவும் சொல்லவில்லை.